பேஜர் கட்டிக்கொண்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

லங்காஸ்டர் கவுன்டியில் தொண்டர் தீயணைப்புக் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். குரலில் பாதி பெருமை, பாதி கலக்கம். அம்மாவுக்கு ஒரே கேள்விதானாம்: சம்பளமில்லாத வேலைக்கு ஜனவரிக் குளிரில் நடுராத்திரி எழுந்து எதற்கு ஓட வேண்டும்? அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். இதே பென்சில்வேனியாவில் பல வருஷமாக இந்த வேலையில் இருப்பவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்த சிலவற்றை எழுதுகிறேன்.

நீ கதவைத் தட்டியதுமே உன்னைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். காரணம் ஆள் பற்றாக்குறை; கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பெஞ்சமின் பிராங்கிளின் பிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கியது 1736 டிசம்பரில். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளும், எரிகிற வீட்டிலிருந்து சாமான்களை வாரிக்கொண்டு வரப் பைகளும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பிலடெல்பியா 1871-இல் சம்பளப் படைக்கு மாறிவிட்டது. பெருநகரங்களைத் தாண்டினால் இன்றும் தொண்டர்கள்தான். மாநிலத்துக் கம்பெனிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அப்படி. 1970-களில் மாநிலத்தில் சுமார் 3 லட்சம் தொண்டர்கள் இருந்தார்கள். 2018-இல் மாநில சட்டமன்றத்துக்குப் போன அறிக்கை 38,000 என்றது. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால் வண்டி ஓட்டவே ஆள் இல்லாத ஊர்கள் உண்டு.

உன் வயதுக்காரர்கள் நெருப்பைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறார்கள். கம்பெனிக்குப் பணம் சேர்க்கப் பான்கேக் சுடுவது, பிங்கோ நடத்துவது, கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தீயணைப்பு என்ஜினில் ஏற்றி ஊர் சுற்றுவது எல்லாம் வயசானவர்களின் பொழுதுபோக்கு என்று அவர்களுக்கு நினைப்பு. நான் அப்படி நினைக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நீ போய் நிற்கிற வீட்டில் நடப்பதில் பாதி, அதற்கு முன்பே கம்பெனியின் சமையல்கூடத்தில் முடிவாகிவிடுகிறது.

முதலில் குளிர்கால அழைப்புகள். பெரும்பாலும் நெருப்பே இருக்காது. தானியங்கி அலாரம் அடிக்கும். போனால் குழாய் உறைந்து வெடித்துத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். கட்டிலிலிருந்து விழுந்த பாட்டியைத் தூக்கி உட்கார வைக்கக் கூப்பிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலத்தில் கார் வழுக்கி வேலியில் சொருகி நிற்கும். நாயைத் தேடிப் பண்ணைக் குட்டையின் பனிக்கட்டிமேல் நடந்தவர் உள்ளே விழுந்திருப்பார். அங்கே கரையிலிருந்து கம்பை நீட்டு, கயிற்றை எறி, படகில் போ, இது எதுவும் முடியாதபோதுதான் அதற்கான உடையும் கயிறும் கட்டிக்கொண்டு நீ இறங்கு. இந்த வரிசையை மாற்றுகிறவன் இரண்டாவது ஆளாக உள்ளே கிடப்பான்.

புகைபோக்கித் தீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பக்கம் பழைய வாழ்க்கைமுறையை விடாத ஆமிஷ்காரர்களின் பண்ணைகள் நிறைய. விறகடுப்பு, நிலக்கரி அடுப்பு. சரியாகக் காயாத விறகை எரித்தால் கிரியோசோட் என்கிற தார்ப்பசை புகைபோக்கிக்குள் படியும். ஒரு நாள் அதுவே பற்றிக்கொள்ளும். வீடு அதிர இரையும். பதற்றத்தில் மேலேயிருந்து ஹோஸைத் திறந்துவிடாதே. கொதிக்கிற சுட்டமண் உட்குழாய்மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், அப்புறம் தீ சுவருக்குள் நுழையும். அடுப்பில் எரிகிறதை இரும்பு வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும். உச்சியிலிருந்து உலர் ரசாயனத் தூளைப் பையோடு போட வேண்டும். ஒருவர் அட்டிக்கில் வெப்பக் கேமராவோடு நிற்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: வாசலிலிருந்து அடுப்புவரை தார்ப்பாய் விரித்துவிடு. பூட்ஸைக் கழற்ற முடியாது. அந்த வீட்டுத் தரையையாவது காப்பாற்றலாம். தோல் வாளியோடு பையும் வேண்டும் என்று பிராங்கிளின் விதி எழுதியது இந்தப் புத்தியில்தான்.

மறுநாள் சாம்பலைக் காகிதப் பையில் போட்டு வராண்டாவில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வா. கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டைவிட்டுப் பத்தடி தள்ளி வைக்கட்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. பனி கொட்டி ஃபர்னஸின் புகைக்குழாய் வாய் மூடிக்கொண்டால், அல்லது கரன்ட் போன ராத்திரி ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓடவிட்டால், குடும்பமே தலைவலி, குமட்டல் என்று படுத்துக்கொள்ளும். ஃப்ளூ என்று நினைத்துக்கொள்ளும். 'மருத்துவ அழைப்பு' என்று போகிற வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி என்றால் மீட்டர் இல்லாமல் உள்ளே கால் வைக்காதே. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி இருக்க வேண்டும்.

உண்மையாகவே வீடு எரிகிற ராத்திரி வந்தால், உறைபனியில் உன் முதல் பகை தண்ணீர். நாசிலை முழுக்க மூடாதே, கொஞ்சம் ஓடவிடு. நின்ற தண்ணீர் ஹோஸுக்குள்ளேயே கட்டியாகிவிடும். உறைந்த ஹோஸை மடிக்க முடியாது. மூங்கில் கழிகளைப்போல நீளவாக்கில் லாரியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உருக்க வேண்டும். தெரு ஹைட்ரண்டின் வால்வு உறைநிலை எட்டாத ஆழத்தில் மண்ணுக்குள் இருக்கிறது, மூடியதும் தண்ணீர் தானாக வடிந்துவிடும், அதனால்தான் உறைவதில்லை. ஆனால் பனி அள்ளும் லாரி அதன்மேலேயே ஒரு மலையைக் குவித்துவிட்டுப் போகும். மண்வெட்டியோடு அதைத் தேடுகிற நிமிஷங்கள் யாருடையவை என்று யோசித்துப் பார். பனிப்புயல் முடிந்த அன்றே உன் தெரு ஹைட்ரண்டைச் சுற்றி மூன்றடி துப்புரவாக்கு. பக்கத்து வீட்டுப் பையன்களையும் கூப்பிடு.

2022 ஜனவரி 5 அன்று பிலடெல்பியாவின் ஃபேர்மவுன்ட் பகுதியில் வரிசை வீடு ஒன்றில் கிறிஸ்துமஸ் மரம் பற்றி 12 பேர் இறந்தார்கள். ஒன்பது பேர் குழந்தைகள். அந்த வீட்டுப் புகை அலாரங்களில் பல இழுப்பறைகளில் கிடந்தன, சிலவற்றில் பேட்டரி இல்லை. நான்கே நாளில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் அடுக்குமாடி ஒன்றில் மின் ஹீட்டரிலிருந்து தீ. 17 பேர் இறந்தார்கள், எல்லோரும் புகையில். தானாக மூட வேண்டிய கதவு திறந்தே நின்றதால் புகை மாடிகளுக்கு ஏறியது. இரண்டு இடத்துக்கும் நாட்டின் தலைசிறந்த சம்பளப் படைகள் நிமிஷங்களில் போய்ச் சேர்ந்தன. அதற்குமேல் ஒரு வண்டி என்ன செய்துவிட முடியும்? பேட்டரி இருக்கிறதா, கதவு தானாக மூடுகிறதா என்று முன்பே ஒருவர் உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

யூனிஃபார்ம் போட்ட அந்நியனை யாரும் படுக்கையறைக்குள் விடமாட்டார்கள். போன வாரம் தட்டில் மீன் வைத்த பையனை விடுவார்கள். லென்ட் என்கிற தவக்காலத்து வெள்ளிக்கிழமை மீன் வறுவல் என்ஜினுக்குப் பணம் சேர்க்கத்தான்; புது என்ஜின் ஒன்று இப்போது பத்து லட்சம் டாலரை நெருங்குகிறது. ஆனால் அந்த வரிசையில் நிற்கும்போது ஒரு கிழவர் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வருவார். எந்தத் தெரு, எந்த மாடி என்று பேச்சுவாக்கில் கேட்டு வை. கிறிஸ்துமஸ் தாத்தாவோடு ஊர் சுற்றும்போது மிட்டாய் கொடுப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்த முட்டுச்சந்தில் என்ஜின் திரும்பாது, எந்த நீளப் பண்ணைப் பாதையில் வீட்டு எண்ணே இல்லை என்று நீ கவனி. இருட்டில் ஒளிரும் எண் பலகை விற்கிறோமே, அதை முதலில் அந்த வீட்டில் கொண்டுபோய் விற்றுவிடு.

உங்கள் கவுன்டிக்கு ஒரு பாக்கியம் உண்டு: பனி உருகும் பருவத்து மட் சேல்கள். கார்டன்வில்லில் மார்ச் மாதம் நடப்பதைப் போய்ப் பார். ஆமிஷ் பெண்கள் தைத்த குயில்ட், பழைய ஏர், குதிரை, குதிரைவண்டி எல்லாம் சேற்றில் நின்று ஏலம் போகும். பணம் தீயணைப்புக் கம்பெனிக்கு. ஆமிஷ்காரர்கள் பொருள் கொடுப்பதோடு நிற்பதில்லை, உறுப்பினராகவும் இருக்கிறார்கள். வண்டி ஓட்டமாட்டார்கள், மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் நிற்பார்கள். அவர்கள் தொலைபேசி பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கொட்டகையில் இருக்கும், அதனால் ராத்திரியில் தகவல் தாமதமாகத்தான் வரும். பாதையும் கிணறும் முன்பே தெரிந்திருந்தால் அந்தத் தாமதத்தில் கொஞ்சம் மீட்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. காரில் நீல விளக்கு மாட்டிக்கொள்ள ஆசைப்படுவாய். இந்த மாநிலத்தில் அது மற்றவர்களிடம் வழி கேட்கிற மரியாதை விளக்கு மட்டும்; சிவப்பு சிக்னலைத் தாண்ட உரிமை தராது. இரண்டாவது, பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் அதிகம் பேரைக் கொல்வது இதயம். நெருப்பு அதற்குப் பின்னால்தான். குளிரில் கனமான கியரோடு படியேறுவது சாதாரண உழைப்பில்லை, நம் தெற்காசிய உடம்புக்கு மாரடைப்பு சீக்கிரமே வரும். இருபது வயதில் யார் கேட்கப்போகிறார்கள், தெரியும். இருந்தாலும் கொலஸ்ட்ராலை இந்த வருஷமே பார்த்துவிடு.

கடைசியாக, உன் கம்பெனியில் வேறு யாராலும் செய்ய முடியாத ஒன்று. நம் வீடுகளில் தாளிக்கும்போது அலாரம் அலறும். உடனே மேலே பிளாஸ்டிக் உறையைக் கட்டுவோம், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி ஃபிரிட்ஜ்மேல் வைப்போம், ஒரு வருஷம் அங்கேயே இருக்கும். உங்கள் சீஃப் போய்ச் சொன்னால் தலையாட்டிவிட்டு வழியனுப்புவார்கள். நீ சொன்னால், அடுப்புக்குப் பத்தடி தள்ளி மாட்டச் சொல்லி நீயே ஏணி போட்டால், அத்தைகள் கேட்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று உட்காரவும் வைப்பார்கள். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா பள்ளிக்கூட ஹாலில்தானே நடக்கும்? அன்றைக்கு என்ஜினைக் கொண்டுவர சீஃபிடம் இப்போதே கேள். பெட்டி நிறைய பேட்டரி வாங்கி வை. பாதி விழாவில் அழைப்பு வந்தால் வண்டி கிளம்பிவிடும் என்று சங்கத்துச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. இல்லாவிட்டால் ஹெல்மெட் போட்டுப் படம் எடுக்க வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் அழுகையை அவர்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்