கிட்டங்கி முதல் கருவூல உண்டியல் வரை: நிதிச் சந்தைகள், ஓர் அறிமுகம்

"நிதித்துறைப் பாடம் எடுக்காத எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று பொறியியல், கலைத்துறை நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பட்டம் பெற்று முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததுமே மத்திய சேமநிதி, வீட்டுக் கடன், காப்புறுதி, பங்கு என்று நிதிச் சந்தை நம்மைத் தேடி வந்துவிடும். நம்மில் பலருக்கு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் கடிதத்தை அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ படித்துச் சொல்லும் வேலை வீட்டில் படித்த பிள்ளையுடையதுதானே? அப்படிச் சொல்ல வேண்டியவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பாடநூல் முறையில் அல்லாமல், நம் சமூகம் அறிந்த எடுத்துக்காட்டுகளைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

அடிப்படை எளிது. ஒரு பக்கம் பணத்தை மிச்சம் பிடித்தவர். மறுபக்கம் பணம் தேவைப்படுபவர். முன்னவரின் பணம் பின்னவரிடம் போய்ச் சேர இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, நிதி நிறுவனம். வங்கி நம் பணத்தை வாங்கி, தன் பொறுப்பில் மற்றவருக்குக் கடன் தருகிறது. கடன் வாங்கியவர் கைவிரித்தால் முதல் அடி வங்கிக்குத்தான். இரண்டாவது, நிதிச் சந்தை. நாமே ஒரு நிறுவனத்தின் பங்கையோ பத்திரத்தையோ வாங்குகிறோம். அந்த நிறுவனம் நொடித்தால் அடி நேராக நமக்கு. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

கிட்டங்கி என்னும் வங்கி

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செட்டிநாட்டு நகரத்தார் சிங்கப்பூருக்கு வந்தனர். அவர்கள் தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்ட்ரீட்டைத் தமிழர்கள் செட்டித் தெரு என்றே அழைத்தனர். அங்கிருந்த கடைவீடுகளின் நீண்ட கூடங்களே கிட்டங்கிகள். ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, தரையில் ஒரு பாய். அவ்வளவுதான் அலுவலகம்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் நடந்த வேலை இன்றைய வங்கியின் வேலைதான். உறவினர் பணமும் கோயில் பணமும் வைப்புத் தொகையாக வந்தன. ஐரோப்பிய வங்கிகள் தமக்கு அறிமுகமில்லாத சிறு வணிகருக்குக் கடன் தரத் தயங்கின. செட்டியார்கள் அவ்வங்கிகளிடம் கடன் பெற்றுச் சிறு வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் கொடுத்தனர். ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியல் எழுதினர். கணக்கைப் பேரேட்டில் பதிந்து, சொத்தையும் பொறுப்பையும் ஐந்தொகையாகத் தொகுத்தனர். நாம் வகுப்பில் படிக்கும் 'பேலன்ஸ் ஷீட்'டின் தமிழ்ப் பெயர் இதுதான். தெண்டாயுதபாணி கோயில் டேங்க் ரோட்டில் எழுந்ததும், சார்ட்டர்ட் வங்கி சிங்கப்பூரில் கிளை திறந்ததும் ஒரே ஆண்டில், 1859இல்.

கிட்டங்கிகள் நகர மறுசீரமைப்பில் மறைந்துவிட்டன. ஆனால் அந்த மரபிலிருந்து கிளைத்த வங்கிகள் உண்டு. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் கதவு திறந்தது.

சொத்து இருந்தும் பணம் இல்லை

இரங்கூன் என்றதும் ஒரு பெரிய பாடம் நினைவுக்கு வருகிறது. நகரத்தார் முதலீட்டில் மிகப் பெரும்பகுதி பர்மாவின் நெல் வயல்களில் இருந்தது. விவசாயிகளுக்கு நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தனர். 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலமே செட்டியார்கள் வசம் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடாயிற்று.

இதைக் கேட்டால் செல்வம் பெருகியதாகத் தோன்றும். உண்மை நேர்மாறானது. அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம்; கிடைத்ததோ வாங்க ஆளில்லாத நிலம். ஊரில் வைப்புத் தொகை கொடுத்தவருக்கு வயலை வெட்டியா கொடுக்க முடியும்? நிலத்தை இழந்த விவசாயிகளின் கோபமும் சேர்ந்துகொண்டது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பில் பலர் கையில் கிடைத்ததோடு கிளம்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா, நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது.

சொத்தை விரும்பிய நேரத்தில், பெரிய நட்டமில்லாமல் பணமாக்க முடியுமா என்பதைத்தான் பாடநூல்கள் நீர்மைத்தன்மை என்கின்றன. சொத்து இருப்பது வேறு. அது வேண்டிய நாளில் பணமாவது வேறு. எந்த வங்கியும் குறுகிய காலத்துக்கு வாங்கி நீண்ட காலத்துக்குக் கொடுப்பதால், எல்லா வங்கிக்கும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் வங்கிகளைக் கண்காணிக்க 1971 முதல் சிங்கப்பூர் நாணய ஆணையம் இயங்குகிறது. வைப்புத் தொகைக்குக் காப்புறுதியும் உண்டு. 2024 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை இப்பாதுகாப்பு கிடைக்கிறது.

வட்டியை யார் நிர்ணயிக்கிறார்கள்?

இரங்கூன் செட்டியார்கள் ஒவ்வொரு தமிழ் மாதமும் தங்கள் கோயிலில் கூடி, தமக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான 'நடப்பு வட்டி'யை முடிவு செய்தனர். மற்ற வட்டிகள் இதையொட்டி ஏறி இறங்கின. இதையே இன்று அடிப்படை வட்டி விகிதம் என்கிறோம்.

சிங்கப்பூரில் நெடுங்காலம் 'சைபோர்' என்ற விகிதம் இவ்வேலையைச் செய்தது. அது வங்கிகள் சொல்லும் மதிப்பீட்டைக் கொண்டு கணக்கிடப்பட்டது. சொல்பவருக்கே அதில் ஆதாயம் இருந்தால் என்ன ஆகும்? இத்தகைய விகிதங்களைத் தமக்குச் சாதகமாக வளைக்க 20 வங்கிகளைச் சேர்ந்த 133 வணிகர்கள் முயன்றதாக 2013இல் நாணய ஆணையம் அறிவித்து, அவ்வங்கிகள்மீது நடவடிக்கை எடுத்தது. 2024 முடிவோடு சைபோர் விடைபெற்றது. இப்போதுள்ள 'சோரா' விகிதம், வங்கிகள் ஓர் இரவுக்குத் தமக்குள் உண்மையாகவே கொடுத்து வாங்கிய கடன்களின் வட்டியிலிருந்து கணக்கிடப்படுகிறது. வாய்ச் சொல்லுக்குப் பதில் நடந்த வரவு செலவு; அதுவே வேறுபாடு.

ஏலச் சீட்டும் கருவூல உண்டியலும்

தேக்காவில் கடை நடத்திய மூத்தோரைக் கேட்டால் ஏலச் சீட்டைப் பற்றிச் சொல்வார்கள். பத்துப் பேர் மாதம் 100 வெள்ளி போட்டால் 1,000 வெள்ளி சேரும். அவசரம் உள்ளவர் தள்ளிக் கேட்கிறார். "850 போதும், எனக்குக் கொடுங்கள்" என்பவருக்கு அம்மாதச் சீட்டு. தள்ளிய 150 வெள்ளி பத்துப் பேருக்கும் பிரிகிறது. அவசரத்தின் விலையே வட்டி என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

அரசாங்கம் குறுகிய காலக் கடன் பெறுவதும் ஏலத்தில்தான். அந்தப் பத்திரத்தின் தமிழ்ப் பெயர் கருவூல உண்டியல். செட்டித் தெருவின் அதே 'உண்டியல்' இங்கும் தொடர்வதைக் கவனிக்கலாம். இங்கேயும் தள்ளுபடி முறைதான். 2022 டிசம்பரில் ஆறு மாத உண்டியலின் வட்டி ஆண்டுக்கு 4.4 விழுக்காட்டைத் தொட்டது. அதாவது, ஏறத்தாழ 978 வெள்ளி கொடுத்தவருக்கு ஆறு மாதத்தில் 1,000 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 1,000 வெள்ளி என்பதால் மாணவரும் ஏலத்தில் கலந்துகொள்ளலாம். ஆனால் சீட்டில் ஒருவர் ஓடிப்போனால் மற்றவருக்கு நட்டம். கருவூல உண்டியலிலோ சிங்கப்பூர் அரசாங்கமே கடனாளி.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்

பங்கு என்பது உரிமை. பத்திரம் என்பது கடன். நிறுவனம் முதன்முதலில் பங்கு வெளியிடும்போது பணம் நிறுவனத்துக்குப் போகிறது. இது முதல்நிலைச் சந்தை. பிறகு சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் நாம் வாங்கும்போது பணம் விற்பவருக்கே போகிறது. இது இரண்டாம்நிலைச் சந்தை. நிறுவனம் மூழ்கினால் மிஞ்சியதை வாங்க ஒரு வரிசை உண்டு: ஈடு பெற்ற வங்கிகள், மற்றக் கடன்காரர்கள், அதன்பின் முன்னுரிமைப் பங்குதாரர்கள், கடைசியில் சாதாரணப் பங்குதாரர்கள்.

'முன்னுரிமை' என்ற சொல்லை நம்பி, நாம்தாம் வரிசையில் முதலில் நிற்கிறோம் என்று எண்ணிவிடக் கூடாது. அம்முன்னுரிமை சாதாரணப் பங்குதாரரைவிட முன்னால் என்பது மட்டுமே. தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிறுவனமான ஹைஃபிளக்ஸ் முன்னுரிமைப் பங்குகளையும், 2016இல் ஆண்டுக்கு 6 விழுக்காடு தரும், முடிவுத் தேதியே இல்லாத பத்திரங்களையும் பொதுமக்களிடம் விற்றது. 2018 மே மாதம் அது நீதிமன்றப் பாதுகாப்பை நாடியபோது, இவற்றை வைத்திருந்த ஏறத்தாழ 34,000 பேரின் 900 மில்லியன் வெள்ளி சிக்கிக்கொண்டது. நிறுவனம் 2021இல் கலைக்கப்பட்டது.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2008இல், லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோதும் இதே கதைதான். 'மினிபாண்ட்' என்று பெயர் வைத்ததால் பலர் அதைச் சிறிய, பாதுகாப்பான கடன் பத்திரம் என்றே நம்பினர். உண்மையில் அது பல நிறுவனங்களின் கடன் நிலையோடு பிணைக்கப்பட்ட சிக்கலான ஒப்பந்தம். மினிபாண்டிலும் அதுபோன்ற லேமன் தொடர்புடைய மற்றப் பத்திரங்களிலும் சிங்கப்பூரில் ஏறத்தாழ 10,000 பேர் போட்டிருந்த 500 மில்லியன் வெள்ளிக்கும் மேற்பட்ட தொகை பாதிக்கப்பட்டது. முதியவர்களும் அதிகம் படிக்காதவர்களும் அவர்களுள் இருந்தனர். பத்திரங்களை விற்ற 10 நிதி நிறுவனங்கள்மீது 2009இல் நாணய ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

செங்காங் வீட்டுக்குள் நிதிச் சந்தை

பங்கே வாங்காதவரும் நிதிச் சந்தைக்கு வெளியே இல்லை. நான் வசிக்கும் செங்காங்கையே எடுத்துக்கொள்வோம். இளங்குடும்பங்கள் நிறைந்த நகரம். வீட்டுக் கடன் இல்லாத வீடு குறைவு. நம் சேமநிதியின் சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடு வட்டி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கடனுக்கு அதைவிட 0.1 கூட்டி 2.6 விழுக்காடு. அந்தக் கடன் வட்டி சேமநிதி வட்டியோடு கட்டிவைக்கப்பட்டது. வங்கிக் கடனோ சந்தையோடு ஏறி இறங்குவது.

2020, 2021இல் வங்கி வட்டி மிகவும் தாழ்ந்திருந்தபோது கழகக் கடனை விட்டு வங்கிக்கு மாறியவர்கள் உண்டு. 2022 இறுதியில் வங்கிகளின் வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டியது. 25 ஆண்டில் திருப்பிச் செலுத்த வேண்டிய 300,000 வெள்ளிக் கடனுக்கு 2.6 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறத்தாழ 1,361 வெள்ளி, 4.25 விழுக்காட்டில் 1,625 வெள்ளி. மாதம் 264 வெள்ளி கூடுதல் என்பது ஒரு குடும்பத்தின் பல வார மளிகைச் செலவு. பின்னர் வங்கி வட்டி இறங்கியதும் உண்மையே. ஆகவே எது எப்போதும் நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் வங்கிக்கு மாறியவர் மீண்டும் கழகக் கடனுக்குத் திரும்ப முடியாது. கையெழுத்திடும்முன் தெரிந்திருக்க வேண்டியது அது.

மூன்று கேள்விகள்

இவ்வளவையும் மூன்று கேள்விகளாகச் சுருக்கலாம். என் பணம் உண்மையில் யாரிடம் போகிறது? அதை நான் எப்போது, எப்படித் திரும்பப் பெற முடியும்? நட்டம் வந்தால் அது முதலில் யார் தலையில் விழும்? சேமிப்புக் கணக்காயினும் காப்புறுதித் திட்டமாயினும் பங்காயினும், இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் வட்டி எவ்வளவு என்று கேட்பதில் பயனில்லை. விற்க வருபவர் இவற்றுக்கு எளிய மொழியில் பதில் சொல்லாவிட்டால், அதை வாங்காமல் இருப்பதே உத்தமம்.

இன்னொன்றையும் என் சக மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தவணை, நடப்பு, பேரேடு, ஐந்தொகை, உண்டியல், ஈடு, சீட்டு என நிதித்துறைக்கு வேண்டிய சொற்கள் நம் மொழியில் ஏற்கெனவே புழங்கியவை. வீட்டுப் பெரியவர்களுக்கு அவை புதியனவும் அல்ல. அடுத்த முறை அவர்கள் பெயருக்கு ஒரு முதலீட்டுப் படிவம் வரும்போது, கையெழுத்து எங்கே என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், இம்மூன்று கேள்விகளையும் அவர்களுடன் அமர்ந்து தமிழில் பேசிப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகலாம். பல ஆண்டுச் சேமிப்புக்காக அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கலாம்.