ஆட்சியும் மொழியும்

நுழையும்முன்

மொழி மக்களின் நாவில் வாழ்கிறது. ஆயினும் விண்ணப்பத்தை எம்மொழியில் எழுதுவது, தீர்ப்பை எம்மொழியில் வழங்குவது, குழந்தையின் கல்வியை எம்மொழியில் தொடங்குவது என்பவற்றை அரசே வரையறுக்கிறது. அவ்வரையறை ஒரு மொழியின் பயன்பாட்டை விரிக்கவும் வல்லது; சுருக்கவும் வல்லது. பொருநையாற்றங்கரை முதல் முத்துக்குளித்துறை வரையுள்ள நிலப்பகுதியை முன்வைத்து இவ்வுண்மையை அறிவோம்.

மண்ணடுக்கும் மொழியடுக்கும்

தூத்துக்குடி மாவட்டத்தில் பொருநை எனப்படும் தாமிரபரணியின் தென்கரையில் அமைந்துள்ளது ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகர் என்னும் செருமானிய அறிஞரும், அவருக்குப்பின் அலெக்சாண்டர் ரீயும் இங்குள்ள பறம்பை அகழ்ந்து முதுமக்கள் தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் கண்டெடுத்தனர். மண்ணின் ஒவ்வோர் அடுக்கும் ஒரு காலத்தைக் காட்டுவதுபோல, இப்பகுதி மக்கள் வழங்கும் சொற்களும் எழுதும் எழுத்துகளும் இந்நிலத்தை ஆண்ட அரசுகளைக் காட்டுகின்றன.

'ஏலம்', 'சாவி', 'அலமாரி' ஆகிய சொற்கள் போர்ச்சுக்கீசியர் வழி வந்தவை. 'துட்டு' என்பது டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல். 'தாசில்தார்', 'வசூல்', 'ஜமாபந்தி', 'வக்கீல்' முதலியன பாரசீகமும் அரபும் கலந்த ஆட்சிமுறையின் எச்சங்கள். இவற்றுள் பெரும்பாலானவை சந்தை, கருவூலம், நீதிமன்றம் ஆகிய இடங்களைச் சார்ந்தவை என்பதை நோக்குக. அதிகாரமும் வாணிகமும் கூடும் இடத்தில்தான் அயற்சொல் முதலில் கால்கொள்கிறது.

எழுத்தை மாற்றிய ஆட்சி

முற்காலப் பாண்டியர் தமிழை வட்டெழுத்தில் எழுதினர். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. முதலாம் இராசராசன் காலத்தில் பாண்டியநாடு சோழராட்சியின்கீழ் உறுதியாக வந்தபின், சோழர் வழங்கிய தமிழெழுத்து இங்கும் பரவியது. வட்டெழுத்து படிப்படியாக வழக்கொழிந்தது. சேரநாட்டிலோ அது மேலும் பல நூற்றாண்டுகள் நிலைத்தது. ஒரே எழுத்து ஓரிடத்தில் மறையவும் மற்றோரிடத்தில் வாழவும் ஆட்சி மாற்றமே காரணமாயிற்று.

எழுத்தின்மீது அரசாணை செல்லும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. தந்தை பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. இன்று நாம் எழுதும் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய வடிவங்கள் அவ்வாணைக்குப்பின் பாடநூல்களின் வழியே பொதுவழக்காயின.

ஓர் அரசு, இரு கரைகள்

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் போர்ச்சுக்கீசியரின் செல்வாக்கு வேரூன்றியது. அவர்தம் ஆதரவோடு இங்குச் சமயப்பணி செய்த அன்றிக் அடிகளார் தமிழைக் கற்று, அதற்கு இலக்கணக் குறிப்பும் எழுதினார். அதே பேரரசின் ஆட்சிக்குட்பட்ட கோவாவிலோ, கொங்கணியைக் கைவிட்டுப் போர்ச்சுக்கீசியத்தையே பேசவேண்டுமென 1684இல் ஆணை பிறப்பிக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? கோவா அவர்தம் நேரடி ஆட்சியின் தலைநகர். அங்கு ஆணையிட்டு நடத்தும் வலிமை இருந்தது. முத்துக்குளித்துறையிலோ மக்களின் இசைவின்றி எதுவும் நடவாது. மக்களை நாடிச் செல்ல வேண்டிய அதிகாரம் அவர்கள் மொழியைக் கற்கிறது. மக்களை அடக்கியாளும் அதிகாரம் தன் மொழியைத் திணிக்கிறது. கொங்கணி கோவாவின் ஆட்சிமொழியாவதற்கு 1987 வரை காத்திருக்க நேர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள புன்னைக்காயலில் அவரது 'அடியார் வரலாறு' 1586இல் அச்சேறியது.

தமிழ்ப்பேச்சும் ஆங்கிலத் தீர்ப்பும்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1835ஆம் ஆண்டின் கல்விக்கொள்கை ஆங்கிலத்தைப் பதவிக்கும் உயர்கல்விக்கும் வாயிலாக்கியது. அதன் விளைவைத் தூத்துக்குடியே கண்டது. சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்த வ.உ.சிதம்பரனார் மக்களிடையே தமிழில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்காகக் குற்றம் சாட்டப்பட்டார். 1908இல் அவருக்குத் தண்டனை விதித்த தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பேச்சைக் கேட்ட தொழிலாளர் அத்தீர்ப்பைப் பிறர் சொல்லித்தான் அறிய இயன்றது. தன்னைப் பற்றிய ஆணையைத் தானே படித்தறிய இயலாத குடிமகன் அவ்வரசுக்குமுன் பாதி ஊமையாகிறான்.

1956: இரு சட்டங்கள்

1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. மக்கள் போராட்டத்தின் பின்னர் 1940இல் அவ்வாணை விலக்கப்பட்டது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956ஆம் ஆண்டின் இறுதியில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது.

அதே 1956இல், தூத்துக்குடிக்குக் கிழக்கே கடல் கடந்துள்ள இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்பேசும் அரசு ஊழியர் சிங்களம் கற்றுத் தேறும் கட்டாயத்துக்கு உள்ளாயினர். 1987இல் செய்யப்பட்ட 13ஆவது அரசமைப்புத் திருத்தமே தமிழையும் ஆட்சிமொழி என ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் நேர்ந்த பிளவும் இழப்பும் அளவிடற்கரியன. ஒரு மொழியை உயர்த்தும் சட்டம், அதே நிலத்தில் வாழும் மற்றொரு மொழியினரின் உரிமையையும் காத்தல் வேண்டும் என்பது வரலாறு தரும் பாடம்.

சட்டமும் பழக்கமும்

சட்டம் இயற்றியவுடன் மொழி அலுவலகத்துக்குள் நுழைந்துவிடுவதில்லை. அதற்குச் சொற்கள் வேண்டும், படிவங்கள் வேண்டும், தட்டச்சுப்பொறிகள் வேண்டும், எழுதப் பயின்ற அலுவலர் வேண்டும். ஆகவே ஆட்சிச்சொல் அகராதிகள் தொகுக்கப்பட்டன. 'கலெக்டர்' மாவட்ட ஆட்சியராகவும், 'தாசில்தார்' வட்டாட்சியராகவும், 'ஜமாபந்தி' வருவாய்த் தீர்வாயமாகவும் மாறினர், மாறின. 'கோப்பு', 'அரசாணை' ஆகியன இன்று இயல்பான சொற்கள். எனினும் பேச்சில் 'தாசில்தார்' இன்னும் வாழ்கிறார். எழுத்துவழக்கை அரசாணை விரைந்து மாற்றுகிறது. பேச்சுவழக்கைக் காலமே மாற்றுகிறது.

1968இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை ஏற்றது. 1976ஆம் ஆண்டின் திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்க வழிசெய்தது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. 2021இல் அரசுப்பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளின் தேர்ச்சி கட்டாயமாக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் ஒலிக்கவேண்டும் என்னும் வேண்டுகோள் இன்னும் நிறைவேறவில்லை.

கொள்கை கதவைத் திறக்கும். உள்ளே நடந்துசெல்வது மக்களின் கடமை. தமிழில் எழுதப்படாத விண்ணப்பத்துக்குத் தமிழில் விடைபெற இயலாது. வட்டெழுத்தைப் படிப்பார் இல்லாதபோது அது கல்லில் மட்டுமே எஞ்சியது. ஒரு மொழி வாழ்வதற்குச் சட்டத்தின் காவல் வேண்டும். அதனினும் மேலாக நாள்தோறும் எடுத்தாளும் கைகள் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உம் ஊர் அலுவலகம் ஒன்றில் வழங்கும் படிவத்தைப் பெற்று, அதிலுள்ள அயற்சொற்களையும் அவற்றுக்கு இணையான தமிழ்ச்சொற்களையும் பட்டியலிடுக.
2. 'எழுத்துவழக்கை அரசாணை மாற்றும். பேச்சுவழக்கைக் காலமே மாற்றும்' என்னும் கருத்தைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உம் ஊரின் அடிப்படைத் தேவை ஒன்றைக் குறித்து வட்டாட்சியருக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதுக.