பனிப்புல்லில் ஏறும் பகைவன்

தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர்ப் பக்கங்களில், புதிய குடியிருப்புகளுக்கு நடுவிலும் ஏரிக்கரைகளில் செந்நிறச் செம்மறி ஆடுகள் மேய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவை 'மெட்ராஸ் சிவப்பு' இனத்தைச் சேர்ந்தவை. சென்னையும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களுமே அவற்றின் தாயகம். உடலில் கம்பளி இல்லை, குட்டை முடிதான். எனவே இறைச்சிக்காகவே வளர்க்கிறார்கள். போத்தேரிக்கு அருகில் காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வினத்தைப் பற்றிய ஆய்வு நடைபெறுகிறது.

பத்து ஆடுகள் உள்ள குடும்பத்திற்கு அந்த மந்தைதான் சேமிப்பு. அவசரச் செலவு வந்தால் ஒரு கிடாவை விற்பார்கள். இந்தச் சேமிப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் கரைக்கும் பகைவன் ஒன்று உண்டு. அதுதான் 'ஹீமாங்கஸ்' என்னும் குடற்புழு.

ஆட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. நான்காம் அறையின் சுவரில் இப்புழு ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லி லிட்டர். மிகக் குறைவு என்று தோன்றுகிறதா? ஆயிரம் புழுக்கள் இருந்தால் என்ன ஆகும்? கணக்குப் போடுங்கள். நாளொன்றுக்கு 50 மில்லி! 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் இரத்தமே ஒன்றரை லிட்டர் அளவுதான். பத்து நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இழந்ததை அதே வேகத்தில் ஈடுசெய்ய உடலால் முடிவதில்லை.

புழு எப்படி உள்ளே போகிறது? ஒரு பெண் புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அவை புழுக்கையோடு தரையில் விழுகின்றன. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஒரு வாரத்திற்குள் நோய் தரும் இளம்புழுக்கள் உருவாகிவிடும். புல்லின் மேல் படிந்த நீர்ப்படலம்தான் அவற்றுக்கு ஏணி. அதன் வழியே மேலே ஏறுகின்றன. ஆடு புல்லைக் கடிக்கும்போது வயிற்றுக்குள் சென்று, சுமார் மூன்று வாரத்தில் தாமும் முட்டையிடத் தொடங்குகின்றன.

வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதையடுத்த பனிக்காலத்திலும் அதிகாலையில் ஆட்டை ஓட்டக் கூடாது என்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? வெயில் ஏறிப் புல் உலர்ந்ததும் மேய விடுவதே நல்லது. ஒரே இடத்தில் தொடர்ந்து மேய்க்காமல் இடத்தை மாற்றுவதும் உதவும்.

புழு தாக்கிய ஆட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? பகல் வெளிச்சத்தில் அதன் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்திருந்தால் இரத்தசோகை. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறங்கள் கொண்ட அட்டை ஒன்றை உருவாக்கினார்கள். 'ஃபமாச்சா' எனப்படும் அதை இன்று பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். தாடைக்கடியில் நீர் கோத்து வீங்குவதும் மற்றோர் அறிகுறி.

அப்படியானால் எல்லா ஆடுகளுக்கும் அடிக்கடி மருந்து கொடுத்துவிட்டால் என்ன? அங்கேதான் ஆபத்து. மருந்துக்குச் சாகாத சில புழுக்கள் எப்போதும் இருக்கும். மற்றவை மடிந்தபின் அவை மட்டும் பெருகும். சில தலைமுறைகளில் அந்த மருந்தே பயனற்றதாகிவிடும். ஆகவே கால்நடை மருத்துவரைக் கேட்டு, தேவையான ஆட்டுக்கு மட்டும், எடைக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆடுகள் உண்டா? பெரியவர்களின் துணையோடு இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஒவ்வோர் ஆட்டின் இமை நிறத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எந்த ஆடு வெளுத்து வருகிறது என்பதை அந்த நோட்டே முன்கூட்டிச் சொல்லிவிடும்.