அக்காகிட்ட யோசனை கேட்கலாமா? சூரன் தவறவிட்ட பாடம்

 

போன வருஷம் நான் வேலையை விட்டுட்டு, நண்பரோட சேர்ந்து கடை போடலாம்னு நினைச்சேன். முதலுக்கு அம்மாவோட நகையை அடகு வைக்கணும். ஆவடியில இருக்கிற அக்காவுக்கு போன் போட்டு, "நீ என்னக்கா சொல்ற?"ன்னு கேட்டேன்.

அக்கா திருப்பிக் கேட்டாங்க: "நீ என்கிட்ட யோசனை கேட்குறியா, இல்ல சம்மதம் கேட்குறியா?"

கோபத்துல போனை வெச்சுட்டேன். ஏன்னா, நண்பர்கிட்ட முந்தின நாளே சரின்னு சொல்லியாச்சு.

அந்தச் சமயம் கந்தபுராணம் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க வேலப்பன்சாவடி ரோட்டைப் பிடிச்சே நேரா காஞ்சிபுரம் பக்கம் போயிடலாம். அங்கே குமரகோட்டத்தில் முருகனுக்குப் பூசை செய்த கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய நூல் அது. மகேந்திர காண்டத்தில் ஒரு இடம் வந்ததும் அப்படியே நின்னுட்டேன்.

வீரபாகு தேவர் தூது வந்து, "சிறையில் இருக்கும் தேவர்களை விட்டுவிடு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். சூரபத்மன் சபையைக் கூட்டி எல்லோரிடமும் யோசனை கேட்கிறான். மற்றவர்கள் போருக்குத் தூபம் போடுகிறார்கள். தம்பி சிங்கமுகன் மட்டும், "வந்திருப்பவர் சின்னப் பிள்ளை இல்லை, பரம்பொருள். தேவர்களை விட்டுவிட்டால் நாம் பிழைப்போம்" என்ற கருத்தைச் சொல்கிறான். சூரனுக்குப் பிடிக்கவில்லை, தம்பியை ஏசுகிறான். அவன் யோசனை கேட்டது உண்மை. ஆனால் முடிவை முன்னாடியே எடுத்துட்டான், என்னை மாதிரியே!

இன்னொன்றையும் கவனிங்க. தேவர்கள் சிறைப்பட்டதே தங்கை அசமுகியின் அழுகையால்தான். இந்திராணியை இழுத்துப் போக முயன்றபோது அவள் கை வெட்டுப்பட்டது. "நீ என்ன செய்தாய்?" என்று சூரன் யோசிக்கவே இல்லை. கூடப்பிறந்த இருவரில், கோபத்தைக் கிளறியவள் பேச்சு இனித்தது, தடுத்தவன் பேச்சு கசந்தது. அதே சிங்கமுகன் கடைசியில் அண்ணனுக்காகவே போருக்குப் போய் உயிரை விட்டான். மறுத்துப் பேசினவன்தான் கடைசிவரை கூட நின்றான்.

நம்ம முருகனைப் பாருங்க. தினைப்புனத்தில் வள்ளி இணங்காதபோது, கையில் வேல் இருந்தும் அண்ணன் விநாயகரைத்தான் நினைத்தார். அவரும் யானையாக வந்து உதவினார். அண்ணனைக் கூப்பிட்டதால் முருகன் பெருமை குறைஞ்சிடுச்சா என்ன?

அடுத்த ஞாயிறு கணக்கு நோட்டோட ஆவடி போனேன். நண்பர்கிட்ட வாக்கு கொடுத்ததையும் மறைக்காமல் சொன்னேன். அக்கா வேண்டாம்னு சொல்லவே இல்லை. "ஆறு மாசம் வேலையில இருந்துக்கிட்டே உன் சம்பளத்துல சேர்த்துப் பாரு. அம்மா நகையைத் தொடாதே" என்றாங்க. நண்பருக்கு வருத்தம்தான். எனக்கும் கசந்தது. ஆனா இன்னைக்கு அம்மா கழுத்துல அந்தச் செயின் இருக்கு, கடைக்கான பணமும் கொஞ்சம் கொஞ்சமா சேருது.

தம்பி தங்கைகளே, கூடப்பிறந்தவங்ககிட்ட கேட்கணும்னா முடிவு எடுக்கும் முன்னாடியே கேளுங்க. மறைக்காமச் சொல்லுங்க. பதில் கசந்தால் ஒரு நாள் வாயைத் திறக்காம, முருகன் முன்னாடி உட்கார்ந்து யோசிங்க.

வேலும் மயிலும் துணை!