நவச்சாரம் முதல் மயில்துத்தம் வரை: அயனிகளைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு), படிகாரம் (பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட்), மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்), அன்னபேதி (ஃபெரஸ் சல்ஃபேட்) நான்கும் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. ஆப்பசோடா (சோடியம் பைகார்பனேட்) மளிகைக் கடையில் கிடைக்கும். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் உடனிருக்க, அயனிச் சோதனைகளைப் பழக இந்த ஐந்தே போதும்.

தொடங்கும் முன்

பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகையைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலேயே குளோரைடு இருக்கும், எல்லா உப்பும் குளோரைடாகத் தெரியும்.

முதலில் அமிலம்

உலர்ந்த உப்பின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டுகள் விடுங்கள். ஆப்பசோடா நுரைத்துப் பொங்கும். வரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் அது பால்போல் வெளுக்கும்: கார்பன் டைஆக்சைடு. தொடர்ந்து செலுத்தினால் வெண்மை மறைந்துவிடும். சோதனை கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம்; கால்சியம் கார்பனேட், கரையும் பைகார்பனேட்டாக மாறியிருக்கிறது.

குளோரைடா, சல்ஃபேட்டா?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்த பிறகே சில்வர் நைட்ரேட் விட வேண்டும். அமிலம் இல்லாவிட்டால் கார்பனேட்டும் வீழ்படிவு தந்து ஏமாற்றும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினாலோ, நீங்களே குளோரைடைச் சேர்த்தவர் ஆவீர்கள். நவச்சாரம் வெள்ளை வீழ்படிவு தரும். அம்மோனியா கரைசலில் அது கரையும்.

சல்ஃபேட்டுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பேரியம் குளோரைடும். படிகாரம், மயில்துத்தம், அன்னபேதி மூன்றும் அமிலத்தில் கரையாத வெள்ளை வீழ்படிவு தரும். பேரியம் உப்புகள் நஞ்சு. கழிவைத் தனிக் குடுவையில் சேர்த்துவையுங்கள்.

எந்த நேரயனி?

இப்போது சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக. மயில்துத்தத்தில் நீல வீழ்படிவு. அன்னபேதியில் அழுக்குப் பச்சை. காற்றுப்பட்டால் மேற்புறம் பழுப்பாகும். கடையில் நெடுநாள் கிடந்த அன்னபேதி எடுத்த எடுப்பிலேயே பழுப்பு காட்டலாம். படிகாரத்தின் கொழகொழத்த வெள்ளை வீழ்படிவு, காரம் மிகுந்தால் கரைந்துவிடும்.

நவச்சாரம் வீழ்படிவு எதுவும் தராது. மெல்லச் சூடாக்கி, ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாயின் வாயருகே பிடியுங்கள். அம்மோனியா அதை நீலமாக்கும். தாள் குழாயின் சுவரைத் தொடக்கூடாது, அங்கே ஒட்டியிருக்கும் காரமே நீலமாக்கிவிடும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் கோலை நீட்டினால் வெண்புகை எழும். அந்தப் புகையும் நவச்சாரமே!

மற்ற வாயுக்கள்

இந்த ஐந்து உப்புகளுக்கு அப்பால், ஆய்வகத்தில் வேறு வாயுக்களையும் சோதிக்க நேரலாம். எரியும் குச்சியைக் காட்டினால் ஹைட்ரஜன் ‘பாப்’ என்று வெடிக்கும். ஆக்சிஜனில் தணல் குச்சி மீண்டும் பற்றும். குளோரின் ஈர நீல லிட்மஸை முதலில் சிவப்பாக்கி, பிறகு வெளுக்கச் செய்யும். எந்த வாயுவையும் நேராக முகராதீர்கள்.