சின்னத்தறிப்பேட்டையும் நமது பாராமகாலும்

சென்னைக்குச் சென்று வரும் அங்கத்தினர் பலர் சிந்தாதிரிப்பேட்டையைக் கண்டிருப்பர். கூவம் ஆற்றின் வளைவில் அமைந்த அப்பகுதி இன்று கடைகளும் ஜனநெருக்கமும் மிகுந்தது. ஆயின் அதன் பெயர் 'சின்னத்தறிப்பேட்டை' என்பதன் திரிபேயாகும். மதராஸ் கோட்டைக்கு வெளியே, நெசவாளருக்கென்றே நிறுவப்பட்ட கிராமம் அது.

மதராஸில் அக்காலத்தில் கப்பல் அணையும் துறையே கிடையாது. மூட்டைகளை மசூலாப் படகுகளில் ஏற்றி, அலைகளைக் கடந்து கப்பலுக்குக் கொண்டு செல்வர். அம்மூட்டைகளில் முதன்மையானது துணி. அதைத் தடையின்றிப் பெறுவதற்கு நெசவாளர் அருகிலேயே இருத்தல் நலம் எனக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கருதினர். முன்னரே கவர்னர் காலெட் என்பவர் திருவொற்றியூரை அடுத்து ஒரு நெசவாளர் ஊரை அமைத்திருந்தார். இன்றைய காலடிப்பேட்டை அதுவே. 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட், கம்பெனியின் பழைய தலைமை வணிகரான சுங்குராமரின் தோட்டத்தை எடுத்துக்கொண்டு சின்னத்தறிப்பேட்டையை உண்டாக்கினார். நூற்போர், நெய்வோர், துணியில் சித்திரம் தீட்டுவோர், வெளுப்போர், கோயிற்பணியாளர் ஆகியோரே அங்குக் குடியேறலாம் என விதிக்கப்பட்டது.

இது கடற்கரைக் கதை, நமக்கென்ன என்று அன்பர்கள் கேட்கலாம். 1792இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி தருமபுரி உள்ளிட்ட பாராமகால் கம்பெனியார் வசமாயிற்று. இங்கே 1799 வரை பணிபுரிந்த தாமஸ் மன்றோ, 1813இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அளித்த சாட்சியம் நம் நெசவாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. கம்பெனியின் வணிக ஊழியர் முக்கிய நெசவாளரை ஓரிடத்தில் கூட்டி, கம்பெனிக்கு மட்டுமே துணி தருவதாக ஒப்பும் வரை காவல் வைத்தனராம். முன்பணத்தைக் கையேற்றவன் அக்கடனினின்று மீள்வது அரிது. துணி தாமதித்தால் வீட்டு வாயிலில் ஒரு சேவகன் வந்து நிற்பான். அவன் கையில் பிரம்பு இருக்கும். அவன் நிற்கும் நாளொன்றுக்கு ஓர் அணா வீதம் நெசவாளனே அபராதம் செலுத்த வேண்டும். அபராதத்திற்காகப் பித்தளைப் பாத்திரங்களையும் எடுத்துச் சென்றனர்.

1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே சென்னைக்கு அணித்தான திரூரில் இம்மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று. துணி விற்பனைக்கெனக் கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தோன்றியது.

சங்கமும் நூலை முன்னதாகத் தருகிறது, துணியைத் தானே பெற்றுக்கொள்கிறது. பார்வைக்குப் பழைய முறை போலவே தோன்றும். வேறுபாடு, கணக்கைக் கேட்கும் உரிமையும் ஆளுக்கொரு வாக்கும் அங்கத்தினரிடம் இருப்பதே. பட்டுக்கூடு வளர்ப்போருக்கும் இது பொருந்தும். தரகரிடம் முன்பணம் பெற்றவர், தருமபுரி அங்காடியில் ஏலம் நல்ல விலைக்குப் போகும் நாளிலும் கூட்டை அங்குக் கொண்டுவரத் தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

நம் சங்கங்களிலும் குறை இல்லாமலில்லை. ஒரு சங்கத்தைத் தணிக்கை செய்யச் சென்றபோது, அங்கத்தினரின் கணக்குப் புத்தகங்கள் யாவும் அலுவலக அலமாரியில் ஒரே கட்டாகக் கிடந்தன. முதியவர் ஒருவரை அவரது பாக்கி எவ்வளவு என்று வினவினோம்.

"அது சங்கத்துக்குத்தாங்க தெரியும்" என்றார்.

புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்து, வரவு பற்றுகளை வரி வரியாகப் படித்துக் காட்டினோம். இரண்டு முறை அவர் ஒப்படைத்த துணிக்குரிய கூலி வரவு வைக்கப்படவேயில்லை.