பாடம்: குறை கேட்டல்

மாணவர்களே! நம் பெங்களூரில் இணையதளம் வடிவமைக்கும் பணியை நாடும் இளைஞர், தம் திறனைக் காட்டத் தமக்கெனத் தளம் ஒன்றை அமைத்துக்கொள்வர். என் முன்னாள் மாணவர் ஒருவரும் அமைத்தார். எழுத்துகள் பறந்து வந்தன, படங்கள் சுழன்றன. நண்பர்கள் 'அருமை' என்றனர். நேர்காணலுக்கு அழைப்பு மட்டும் வரவில்லை.

"குறை இருந்தால் கூறுங்கள், ஐயா" என்று என்னிடம் காட்டினார். நிரல் எழுதுதல் நான் அறியாத துறை. ஆயினும், "உன் பெயரைப் படிக்குமுன் அது நகர்ந்துவிடுகிறதே, தம்பி! எனக்குத் தலை சுற்றுகிறது" என்றேன். அவர் முகம் வாடிற்று.

பின்னர் அவரே நெறிமுறைகளைத் தேடிப் படித்தார். 2008இல் வெளியான உலகளாவிய வலை அணுகுதன்மை நெறிமுறைகளின்படி, தானே தொடங்கி 5 வினாடிக்குமேல் பிற செய்திகளோடு அசையும் பகுதியை நிறுத்தப் பயனருக்கு வழி வேண்டும். ஒரு வினாடியில் 3 முறைக்குமேல் ஒளி மின்னுதல் கூடாது. அது சிலருக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும்.

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது என்பது மரபு. ஆசான் கூறிய குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடையிறுத்தார் என்பர் நச்சினார்க்கினியர். நம் மாணவரோ விடையிறுக்கவில்லை, திருத்தினார். பெயர் அசையாது நின்றது. சுழலும் படம் ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்றார். அது அழகாகத்தான் இருந்தது.

அருஞ்சொற்பொருள்
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு
விடையிறுத்தல் – பதில் கூறுதல்

பயிற்சி
1. நண்பர்களின் பாராட்டு மாணவருக்கு ஏன் பயன்படவில்லை?
2. நீ எழுதிய கட்டுரையைத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, அவருக்கு விளங்காத இரு தொடர்களைக் கேட்டுத் திருத்தி எழுதுக.